உறக்கப் பாலியல் நடத்தை

உறக்கப் பாலியல் நடத்தை அல்லது செக்சோம்னியா என்பது, ஒருவர் உறக்கத்திலிருந்து முழுமையாக விழிக்காத நிலையில், தம்மை அறியாமலேயே பாலியல் செயல்களில் ஈடுபடும் ஓர் உறக்கக் கோளாறு ஆகும். துயில்நடை, உறக்கத்தில் பேசுதல், உறக்க அச்சம் ஆகியவற்றைப் போன்றே இதுவும் பாராசோம்னியா எனப்படும் உறக்கப் பிறழ்வுகளுள் ஒன்றாக வகைப்படுத்தப்படுகிறது. இக்கோளாறு உடையவருக்குக் காலையில் எதுவும் நினைவில் இருப்பதில்லை. நடந்தவற்றை முழுமையாக அறிந்தவர் பெரும்பாலும் அருகில் உறங்கும் வாழ்க்கைத் துணை ஒருவரே. எனவே இக்கோளாறின் முதல் சாட்சியும், பல வேளைகளில் முதலில் பாதிக்கப்படுபவரும் அவரே ஆவார்.

பெயரும் வரலாறும்

உறக்கத்தில் நிகழும் பாலியல் செயல்கள் குறித்த தொடக்ககால மருத்துவப் பதிவுகளுள் ஒன்று ஆசியாவிலிருந்தே வெளிவந்தது. 1986 ஆம் ஆண்டு சிங்கப்பூர் மருத்துவ இதழில், உறக்கத்தில் தன்புணர்ச்சியில் ஈடுபட்ட ஓர் ஆணைப் பற்றிய அறிக்கை வெளியானது. அது துயில்நடையின் ஒரு மாற்று வடிவமாக இருக்கலாமோ என்ற வினாவை அவ்வறிக்கை எழுப்பியது.

1996 இல் கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த கோலின் சப்பைரோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இந்நடத்தையைத் தனித்த ஓர் உறக்கப் பிறழ்வாக விவரித்தனர். 2003 இல் அவர்கள் கனடிய உளமருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் வழியாகச் செக்சோம்னியா என்னும் சொல் பரவலானது. 2007 இல் கார்லோசு செங்க் முதலானோர் அதுவரை வெளிவந்த அறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அத்தொகுப்பில் உறக்கப் பிறழ்வு காரணமாக இந்நடத்தை உடையவர்களாக 31 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஆண்கள்.

2005 இல் வெளியான பன்னாட்டு உறக்கக் கோளாறு வகைப்பாட்டின் இரண்டாம் பதிப்பில் இந்நடத்தை, குழப்ப விழிப்பு எனப்படும் நிலையின் ஒரு வகையாக இடம்பெற்றது. 2013 இல் அமெரிக்க உளமருத்துவக் கழகம் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இதைத் துயில்நடையின் ஓர் உட்பிரிவாகக் குறிப்பிடுகிறது.

பரவல்

2010 இல் நோர்வே நாட்டில் பொதுமக்கள் 1000 பேரிடம் தொலைபேசி வழியாக நடத்தப்பட்ட ஆய்வில், 7.1 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் உறக்கத்தில் பாலியல் செயலில் ஈடுபட்டதாகக் கூறினர். அதே ஆண்டில் டொராண்டோவின் உறக்க மருத்துவமனை ஒன்றுக்கு வந்த 832 நோயாளிகளிடம் வினவியபோது, 7.6 விழுக்காட்டினர் இந்நடத்தை இருப்பதாகத் தெரிவித்தனர். ஆண்களில் 11 விழுக்காட்டினரும் பெண்களில் 4 விழுக்காட்டினரும் இதில் அடங்குவர்.

இவ்விரு எண்ணிக்கைகளும் மக்கள் தாமே கூறியவற்றை அடிப்படையாகக் கொண்டவை. ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்டவை அல்ல. மேலும் தனியே உறங்குபவர் தமது நடத்தையை அறிய வழியில்லை. அறிந்தவரும் நாணத்தால் மருத்துவரிடம் கூறுவதில்லை. எனவே இவற்றைத் தோராயமான அளவுகளாகவே கொள்ள வேண்டும்.

உறக்கத்தின் எந்நிலையில் நிகழ்கிறது

மனித உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்கள் கொண்ட சுழற்சிகளாக அமைந்துள்ளது. ஒவ்வொரு சுழற்சியிலும் விரைவு விழியசைவற்ற உறக்கமும், அதனை அடுத்து விரைவு விழியசைவு உறக்கமும் வருகின்றன. தெளிவான கனவுகளுள் பெரும்பாலானவை பின்னதில் தோன்றுகின்றன. முன்னதன் ஆழ்ந்த நிலையான ஆழுறக்கம், இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் மிகுந்து காணப்படும்.

உறக்கப் பாலியல் நடத்தை பெரும்பாலும் இந்த ஆழுறக்கத்திலிருந்தே எழுகிறது. ஏதேனும் ஒரு தூண்டல் உறங்குபவரை எழுப்ப முனையும்போது, மூளையின் சில பகுதிகள் மட்டும் விழித்துக்கொள்கின்றன. ஏனையவை உறக்கத்திலேயே நிற்கின்றன. 2000 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் துயில்நடையின்போது ஒருவருடைய மூளைக் குருதியோட்டத்தைப் படமெடுத்தனர். முன்மூளைப் புறணியின் செயல்பாடு குறைந்தும், மூளையின் உட்புறத்தில் உள்ள பின் சிங்குலேட் பகுதியின் செயல்பாடு மிகுந்தும் இருந்ததை அவர்கள் கண்டனர். 2009 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மூளைக்குள் பொருத்தப்பட்ட மின்முனைகளைக் கொண்டு குழப்ப விழிப்பு ஒன்றைப் பதிவு செய்தபோது, இயக்கப் புறணி விழிப்பு நிலையிலும், முன்மூளை மற்றும் சுவர்மூளையின் இணைப்புப் பகுதிகள் உறக்க நிலையிலும் ஒரே நேரத்தில் இருப்பது தெரிந்தது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மின்தடைக்குப் பின் ஓர் ஆலையில் இயந்திரங்கள் இயங்கத் தொடங்கிவிட்டன. ஆனால் மேற்பார்வை அறையில் இன்னும் விளக்கு எரியவில்லை. உடல் இயங்குகிறது, இது தகுமா, எதிரில் இருப்பவர் இசைகிறாரா என்று எடைபோடும் பகுதி இயங்கவில்லை. நினைவைப் பதிவு செய்யும் பணியும் முறையாக நடைபெறுவதில்லை. காலையில் ஒன்றும் நினைவில்லாமைக்கு இதுவே காரணமாகும்.

அறிகுறிகள்

இந்நடத்தை ஆளுக்கு ஆள் வேறுபடும். முனகல், பாலியல் சொற்களைப் பேசுதல், தன்புணர்ச்சி, அருகில் உறங்குபவரைத் தொடுதல், உடலுறவுக்கு முயலுதல் ஆகியன பதிவாகியுள்ளன. பெண்களில் குரலெழுப்புதலும் தன்புணர்ச்சியும், ஆண்களில் அருகிலிருப்பவரைத் தொடுதலும் உடலுறவு முயற்சியும் மிகுதியாகக் காணப்படுகின்றன. துணைவர்கள் வழக்கமாகக் குறிப்பிடும் அடையாளங்கள் பின்வருமாறு:

* உறங்கத் தொடங்கி முதல் சில மணி நேரத்துக்குள் நிகழ்தல். சில நிமிடங்களில் முடிந்துவிடுதல்.
* கண்கள் திறந்திருந்தாலும் பார்வை வெறுமையாக இருத்தல்.
* பெயர் சொல்லி அழைத்தாலும் பொருத்தமான மறுமொழி இல்லாமை.
* விழிப்பு நிலையில் அவரிடம் காணப்படாத முரட்டுத்தனம் அல்லது துணையின் விருப்பத்தைப் பொருட்படுத்தாமை.
* திடீரெனச் செயலை நிறுத்திவிட்டு மீண்டும் உறங்கிவிடுதல்.
* காலையில் நினைவின்மை; எடுத்துக்கூறும்போது வியப்பு, மறுப்பு அல்லது வெட்கம்.

ஆண்களுக்கு உறக்கத்தில் இயல்பாக ஏற்படும் குறி விறைப்பு இக்கோளாறின் அறிகுறி அன்று. அது நலமான உடலில் ஒவ்வோர் இரவும் நிகழும் உடலியங்கியல் நிகழ்வு ஆகும்.

தூண்டும் காரணிகள்

இக்கோளாறு உடையவர்களுள் பலருக்குச் சிறு வயதில் துயில்நடை அல்லது உறக்கத்தில் பேசும் பழக்கம் இருந்திருக்கும். குடும்பத்தில் வேறு சிலருக்கும் அது இருக்கக்கூடும். இத்தகைய இயல்பு உடையவரிடம், ஆழுறக்கத்தை மிகுவிக்கும் காரணிகளும், உறக்கத்தை இடையில் கலைக்கும் காரணிகளும் நிகழ்வைத் தூண்டுகின்றன. உறக்கக் குறைவு, மன அழுத்தம், காய்ச்சல், சோல்பிடெம் போன்ற சில உறக்க மாத்திரைகள், உறக்க மூச்சுத்தடை, அருகில் உறங்குபவரின் தற்செயலான தொடுகை ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மதுவின் பங்கு குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆயினும் அது உறக்கத்தைக் குலைப்பதாலும் மூச்சுத்தடையை மிகுவிப்பதாலும் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

உறக்க மூச்சுத்தடை உடையவர் உரத்த குறட்டை விடுவர். இடையிடையே மூச்சு நின்று திணறுவர். ஒவ்வொரு திணறலும் மூளையை அரைகுறையாக எழுப்புகிறது. இவ்வகையினருக்கு மூச்சுத்தடையைச் சீர்செய்தாலே பாலியல் நடத்தை நின்றுவிட்ட நேர்வுகள் பதிவாகியுள்ளன.

முறைப்பணியும் உறக்கமும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதி

உறக்கக் குறைவு என்னும் காரணி, விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற தொழில் ஊர்களில் தனிக் கவனத்துக்கு உரியது. 1936 இல் இராசபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டது முதல் நூற்பாலைகள் இப்பகுதியின் முதன்மைத் தொழிலாக வளர்ந்தன. அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. நூற்பாலை இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடுபவை. தொழிலாளர்கள் ஷிப்டு எனப்படும் முறைப்பணியில் மாறி மாறி வேலை செய்கின்றனர். ஒரு கிழமை பகலிலும் மறு கிழமை இரவிலும் பணி செய்பவரின் உடற்கடிகாரம் எதற்கும் முழுமையாகப் பழகுவதில்லை. பகலில் வெளிச்சம், வெப்பம், தெரு ஓசை ஆகியவற்றுக்கு இடையே உறங்குவதால் உறக்கக் கடன் சேர்கிறது.

உறக்கக் கடன் சேர்ந்த உடல், அடுத்து வாய்ப்புக் கிடைக்கும்போது ஆழுறக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஆழுறக்கம் மிகும்போது அதிலிருந்து முழுமையாக விழிப்பது கடினமாகிறது. மொண்ட்ரியால் ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், துயில்நடை உடையவர்களை 25 மணி நேரம் விழித்திருக்கச் செய்து பின் உறங்கவிட்டபோது, அவர்களுடைய நிகழ்வுகள் எண்ணிக்கையிலும் சிக்கலிலும் மிகுந்தன. எனவே முழு இரவுப் பணி முடிந்து வந்தபின் உறங்கும் உறக்கமும், வார விடுமுறையின் நீண்ட உறக்கமும் நிகழ்வுக்கு இடமளிக்கும் வேளைகளாக அமையலாம். துணைவர் எழுதும் குறிப்பேட்டில் பணிமுறையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வீட்டமைப்பும் கருத்தில் கொள்ளத்தக்கது. ஒரே கூடத்தில் பாய் விரித்துப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உறங்கும் வழக்கம் இப்பகுதியில் பல வீடுகளில் உண்டு. ஆழுறக்கத்திலிருந்து அரைகுறையாக எழுபவர் அருகில் இருப்பவர் யார் என்று வேறுபடுத்தி அறிவதில்லை. ஆகவே இக்கோளாறு இருப்பதாக ஐயம் எழுந்த நாளிலிருந்தே குழந்தைகளும், விருந்தினர் உள்ளிட்ட வேறு எவரும், அவருக்கு அருகில் உறங்கக் கூடாது. நோய் உறுதிப்படும் வரை இதற்காகக் காத்திருத்தல் தவறாகும்.

துணைவர் மீதான தாக்கம்

இரவில் தம்மை முரட்டுத்தனமாக நெருங்கியவர், காலையில் ஒன்றும் அறியாதவராய்த் தேநீர் அருந்துவதைக் காணும் துணைவருக்கு எழும் முதல் உணர்வு குழப்பம் ஆகும். அவர் பொய் சொல்கிறாரா என்ற ஐயம், அவமதிக்கப்பட்ட உணர்வு, இரவைக் குறித்த அச்சம், தம் உறக்கம் கெடுவதால் வரும் சோர்வு ஆகியன தொடர்கின்றன. உறக்கத்தில் உளறிய பெயரோ சொல்லோ கணவன் மனைவியரிடையே பூசலுக்குக் காரணமாவதும் உண்டு. அரைகுறை விழிப்பில் வெளிப்படும் சொற்களை மறைந்திருக்கும் விருப்பத்தின் சான்றாகக் கொள்ள அறிவியல் அடிப்படை இல்லை.

மனைவி இதைப் பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ கூறத் தயங்குவது இயல்பு. கூறினாலும், கணவன் மனைவிக்குள் இது ஒரு பொருட்டா என்ற மறுமொழி கிடைக்கக்கூடும். பேய் பிடித்ததாகக் கருதி மந்திரிக்க அழைத்துச் செல்வதும் நடப்பதே. இவற்றால் மருத்துவரை நாடும் காலம் தள்ளிப்போகிறது.

இங்கு இரண்டு உண்மைகளை ஒருங்கே ஏற்க வேண்டியுள்ளது. உறக்கத்தில் நடந்தது அவர் எண்ணிச் செய்ததன்று என்பது ஒன்று. அதனால் துணைவருக்கு ஏற்பட்ட துன்பம் உண்மையானது என்பது மற்றொன்று. முதலாவது உண்மை இரண்டாவதை இல்லாமல் ஆக்காது. நோய் என்பதற்காகத் துணைவர் அதைப் பொறுத்துக்கொண்டே உறங்க வேண்டும் என்ற கடமை எதுவும் இல்லை.

துணைவர் செய்யத்தக்கவை

நிகழ்வின்போது:

* படுக்கையை விட்டு விலகுதலே முதற்பணி. எட்ட நின்று, உரத்த ஆனால் அமைதியான குரலில் பெயர் சொல்லி அழைக்கலாம், விளக்கை எரியவிடலாம்.
* உலுக்குதல், அடித்தல், கைகளை அழுத்திப் பிடித்தல் ஆகியவற்றைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். குழப்ப நிலையில் இருப்பவர் பிடிபடும்போது வன்முறையாக எதிர்வினையாற்றக்கூடும். எனினும் தற்காப்புக்காகத் தள்ளிவிட்டு எழுவது தவறன்று.
* முரட்டுத்தனம் மிகுந்தால் அறையை விட்டு வெளியேறி உதவிக்கு அழைக்க வேண்டும்.

பகலில்:

* இருவரும் அமைதியாக இருக்கும் வேளையில், குற்றம் சாட்டாமல் நடந்ததை மட்டும் கூறுவது பயன்தரும். "நேற்றிரவு தூக்கத்தில் நீங்கள் இப்படி நடந்துகொண்டீர்கள், உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா? எனக்குப் பயமாக இருந்தது" என்பது போலத் தொடங்கலாம்.
* குறிப்பேடு ஒன்றில் நாள், உறங்கிய நேரம், நிகழ்ந்த நேரம், நீடித்த கால அளவு, கண்களின் நிலை, பேச்சு, குறட்டை, அன்றைய பணிமுறை, மது, மாத்திரை, காய்ச்சல் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். மருத்துவருக்கு இது மிகவும் உதவும்.
* சிகிச்சை பயனளிக்கும் வரை தனிப் படுக்கையில், இயலுமாயின் தனி அறையில் உறங்குவது நன்று. இது மணவாழ்வின் முறிவன்று; பாதுகாப்பு ஏற்பாடு. கதவில் சிறு மணி கட்டினால் அவர் எழுந்து வருவது தெரியும்.
* கோளாறு உடையவர் தாமே இந்த ஏற்பாடுகளை முன்னின்று செய்வது துணைவரின் அச்சத்தைப் பெரிதும் குறைக்கும்.

வேறுபடுத்தி அறிதல்

உறக்கத்தில் நிகழும் பாலியல் நடத்தைகள் அனைத்தும் செக்சோம்னியா ஆகா. விரைவு விழியசைவு உறக்க நடத்தைக் கோளாற்றில் ஒருவர் தம் கனவை நடித்துக் காட்டுவார். அது இரவின் பிற்பகுதியில் மிகும். கனவு நினைவில் இருக்கும். உறக்கத்தில் வரும் சிலவகை வலிப்பு நோய்களும் இத்தகைய செயல்களை ஏற்படுத்தலாம்; அவை ஒரே மாதிரியாக, அடுத்தடுத்து நிகழும்.

விழித்த நிலையில் செய்த செயலுக்கு உறக்கத்தைச் சாக்காகக் கூறுவதும் நிகழக்கூடியதே. பேச்சுக்குத் தெளிவாக மறுமொழி கூறுதல், கதவைத் தாழிடுதல் போன்ற திட்டமிட்ட செயல்கள், நடந்ததை மறைக்க முயலுதல், பகலிலும் மிரட்டலும் வற்புறுத்தலும் இருத்தல் ஆகியன ஐயத்துக்கு உரியவை. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. மருத்துவர் சொன்ன பின்னரும் ஒருவர் சிகிச்சையையும் தனிப் படுக்கையையும் மறுப்பாராயின், அந்த மறுப்பு விழிப்பு நிலையில் எடுக்கப்பட்ட முடிவு என்பதைத் துணைவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

நோயறிதலும் சிகிச்சையும்

மருத்துவர் முதலில் இருவரிடமும் தனித்தனியே விவரம் கேட்டறிவார். தேவைப்பட்டால் ஒளிப்பதிவுடன் கூடிய இரவு உறக்க ஆய்வு நடத்தப்படும். இதில் மூளை மின்னலைகள், விழியசைவு, தசைச் செயல்பாடு, மூச்சு, குருதியின் ஆக்சிசன் அளவு ஆகியன ஒருசேரப் பதிவாகும். ஆய்வக இரவில் நிகழ்வு ஏற்படாமலும் போகலாம். ஆயினும் மூச்சுத்தடையோ, ஆழுறக்கத்திலிருந்து திடீரென எழும் அரைகுறை விழிப்புகளோ பதிவானால் நோயறிதலுக்கு அவை துணை செய்யும்.

சிகிச்சையின் முதற்படி தூண்டும் காரணிகளை நீக்குவதாகும். ஒழுங்கான உறக்க நேரம், மதுவைத் தவிர்த்தல், ஐயத்துக்குரிய மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரைப்படி மாற்றுதல் ஆகியன இதில் அடங்கும். இரவுப் பணியைச் சில காலம் தவிர்க்குமாறு மருத்துவர் சான்றளிக்கலாம். அதில் நோயின் தன்மையை விவரிக்க வேண்டியதில்லை, உறக்கக் கோளாறு என்று குறிப்பிட்டால் போதும். மூச்சுத்தடை இருப்பின் தொடர் காற்றழுத்தக் கருவி பரிந்துரைக்கப்படும். இவை போதாதபோது குளோனசெபாம் போன்ற மருந்துகள் பலருக்குப் பயனளித்துள்ளன. குளோனசெபாம் பழக்கத்தை உண்டாக்கக்கூடியது. மூச்சுத்தடையை மோசமாக்கவும் கூடும். எனவே மருத்துவரின் சீட்டின்றி மருந்துக்கடையில் வாங்கி உட்கொள்ளுதல் இடர் தருவதாகும்.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் தொடங்கி, 2022 இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஆகியவற்றின் உளமருத்துவம் அல்லது நரம்பியல் பிரிவுகளை அணுகலாம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் உறக்க ஆய்வு வசதி உள்ளது. நேரில் செல்லத் தயங்குவோர், 2022 இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 இல் தமிழிலேயே பேசலாம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் சிகிச்சை பெறுவோரின் தகவல்கள் மறைகாப்புக்கு உரியவை என்கிறது.

சட்டம்

உறக்கத்தில் செய்த செயலுக்கு ஒருவர் பொறுப்பாவாரா என்ற வினாவை உலகின் பல நீதிமன்றங்கள் எதிர்கொண்டுள்ளன. கனடாவில் 1987 இல் உறக்கத்தில் காரோட்டிச் சென்று மனைவியின் தாயைக் கொன்றதாகக் கூறப்பட்ட பார்க்ஸ் என்பவரின் விடுதலையை, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992 இல் உறுதி செய்தது. உறக்கப் பாலியல் நடத்தையைக் காரணமாகக் காட்டி 2005 இல் டொராண்டோவில் ஒருவர் பெற்ற விடுதலையை, ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 இல் ஏற்கவில்லை. மீண்டும் நிகழக்கூடிய இந்நிலையை மனக்கோளாறாகவே கருத வேண்டும் என்றது. பொதுமக்களின் பாதுகாப்பை அந்நீதிமன்றம் முன்னிறுத்தியது.

இந்தியாவில் 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22 ஆவது பிரிவு, சித்தசுவாதீனமின்மையால் தம் செயலின் தன்மையை அறிய இயலாதவரின் செயல் குற்றமாகாது என்கிறது. இத்தகைய விதிவிலக்கை மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும். அதே சட்டத்தின் 63 ஆவது பிரிவிலுள்ள விதிவிலக்கின்படி, 18 வயது நிறைந்த மனைவியுடன் கணவன் கொள்ளும் உடலுறவு வன்புணர்வாகக் கருதப்படுவதில்லை. எனினும் 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறையாகவே வரையறுக்கிறது. அதன்கீழ் மனைவி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை அணுகிக் குற்றவியல் நடுவரிடம் பாதுகாப்பு ஆணை கோரலாம். பெண்களுக்கான உதவி எண் 181 ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது.

குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால், 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். உறக்கத்தில் நிகழ்ந்தது என்ற விளக்கத்தைக் குடும்பத்தினர் தாமே ஏற்று மறைத்துவிடுதல் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 ஆகும்.

முன்கணிப்பு

காரணி கண்டறியப்பட்டு நீக்கப்படும்போது இந்நடத்தை பலரிடம் குறைகிறது அல்லது நின்றுவிடுகிறது. எனினும் உறக்கக் குறைவோ மன அழுத்தமோ மீண்டும் மிகும்போது திரும்பவும் தோன்றலாம். ஆகவே நிகழ்வு நின்ற பின்னரும் சில மாதங்கள் குறிப்பேட்டைத் தொடர்வதும், மீண்டும் ஒரே படுக்கைக்குத் திரும்பும் முடிவைத் துணைவரின் விருப்பத்துக்கு விடுவதும் பரிந்துரைக்கத்தக்கவை.